எத்தனையாவது ஆள்?

பொது அறிவு நூல்களைத் தொகுப்பவர்களுக்கும், போட்டித் தேர்வுக்கு வினா எழுதுபவர்களுக்கும், பயிற்சி மையங்களில் நடப்பு நிகழ்வுக் குறிப்பேடு தயாரிப்பவர்களுக்கும் வணக்கம்.

‘விண்வெளிக்குச் சென்ற இரண்டாவது இந்தியர் யார்?’ என்று கேட்டால் சுபான்ஷு சுக்லா என்று விடை எழுத நம் பிள்ளைகள் பழகிவிட்டார்கள். 2025 ஜூன் 25 அன்று ஆக்சியம்-4 பயணத்தில் அவர் புறப்பட்டபோது செய்திகளும் அப்படித்தான் எழுதின. ஆனால் அதற்குப் பதின்மூன்று மாதம் முன்பு, 2024 மே 19 அன்று, ஆந்திராவின் விஜயவாடாவைச் சேர்ந்த விமானி கோபி தோட்டகூரா புளூ ஆரிஜின் நிறுவனத்தின் நியூ ஷெப்பர்டு ராக்கெட்டில் ஏறி, 100 கிலோமீட்டர் உயரத்தைத் தாண்டிவிட்டு இறங்கினார். அன்றைக்கும் ‘ராகேஷ் சர்மாவுக்குப் பிறகு இரண்டாவது இந்தியர்’ என்றே செய்தி வந்தது. ஓராண்டு இடைவெளியில் இரண்டு ‘இரண்டாவது இந்தியர்’கள்! இருவர் பெயரையும் அ, ஆ என்று தெரிவுகளில் போட்டு ஒரு கொள்குறி வினா வந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். உத்தேச விடைக்குறிப்பு வெளியான மறுநாளே ஆட்சேப மனுக்கள் குவியும். குரூப் 4 தேர்வில் ஒரு வினாவுக்கு ஒன்றரை மதிப்பெண். அந்த ஒன்றரையில் எத்தனை பேருடைய தரவரிசை இடம் மாறும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

இதில் யார் தவறு என்று தேடினால் யாரும் அகப்பட மாட்டார்கள். பூமியைச் சுற்றி வந்தவர்களை மட்டும் எண்ணினால் சுக்லா இரண்டாவது. விண்வெளியின் எல்லையைத் தொட்டுத் திரும்பியவர்களையும் எண்ணினால் மூன்றாவது. சர்வதேச விண்வெளி நிலையத்துக்குள் நுழைந்தவர்களை எண்ணினால் அவர்தான் முதல் இந்தியர். மூன்றும் சரி. எந்தக் கணக்கு என்பதைக் கேள்வி சொல்லவில்லை, அவ்வளவுதான்.

நிலையத்தில் சுக்லாவை வரவேற்றபோது பயணத் தலைவர் பெக்கி விட்சன் அவருக்கு ஒரு சின்னம் அணிவித்ததையும், தான் 634ஆம் ஆள் என்று அவர் மகிழ்ந்து சொன்னதையும் பார்த்திருப்பீர்கள். உங்கள் குறிப்பேடுகளுக்கு அல்வா போன்ற எண். ஆனால் அது சுற்றுப்பாதைக்குப் போனவர்களின் வரிசை எண். 80 கிலோமீட்டரைத் தாண்டி உடனே திரும்பியவர்களையும் சேர்த்திருந்தால் அப்போதே எழுநூறைக் கடந்திருக்கும். ‘உலகின் 634ஆவது விண்வெளி வீரர்’ என்று மட்டும் அச்சிட்டால் எண் சரியாக இருந்தும் வாக்கியம் அரைகுறை.

எல்லை எங்கே என்பதில்தான் முதல் சிக்கல். ஹங்கேரியில் பிறந்த பொறியாளர் தியோடர் வான் கார்மன் பெயரால் வழங்கும் கோட்டின் தர்க்கம் எளிது. மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. மெலிந்த காற்று இறக்கையைத் தாங்க வேண்டுமானால் விமானம் இன்னும் வேகமாகப் போக வேண்டும். ஓர் உயரத்துக்கு மேல், அதற்குத் தேவைப்படும் வேகம் பூமியைச் சுற்றவே போதுமான வேகமாகிவிடும். அதன் பிறகு இறக்கைக்கு வேலை இல்லை. அந்த உயரம் காற்றின் நிலையையும் வாகனத்தையும் பொறுத்து முன்பின் நகரும் என்பதால் 100 கிலோமீட்டர் என்று வசதியாக வட்டமாக்கினார்கள். வான்பயணச் சாதனைகளைப் பதியும் எஃப்.ஏ.ஐ. கூட்டமைப்பு வைத்திருக்கும் கோடு இதுதான். அமெரிக்கர்களோ 50 மைல் என்று தங்கள் அளவில் வட்டமாக்கினார்கள். அது ஏறத்தாழ 80 கிலோமீட்டர். 2018இல் வானியலாளர் ஜோனதன் மெக்டவல், நீள்வட்டப் பாதையில் 80, 90 கிலோமீட்டர் வரை தாழ இறங்கியும் எரிந்து விழாமல் மீண்டும் சுற்றிய செயற்கைக்கோள்களை ஆராய்ந்து, எல்லையை 80க்கு இறக்குவதே இயற்பியலுக்குப் பொருத்தம் என்று எழுதினார். அவர் சொல்வது எனக்கு ஏற்புடையதாகவே படுகிறது. ஆனால் என் ஒப்புதலால் எதுவும் மாறப்போவதில்லை. 1967ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கையே விண்வெளி எங்கே தொடங்குகிறது என்று சொல்லாமல் விட்டுவிட்டது. ஐ.நா. குழு பல பத்தாண்டுகளாகப் பேசியும் இன்னும் முடிவு இல்லை.

இரண்டு கோட்டுக்கும் நடுவே உள்ள அந்த இருபது கிலோமீட்டரில் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. 1960களில் எக்ஸ்-15 என்ற ராக்கெட் விமானத்தை ஓட்டியவர்களில் எட்டுப் பேர் 50 மைலைத் தாண்டினார்கள். படைப்பிரிவினருக்கு உடனே விண்வெளி வீரருக்கான இறக்கைச் சின்னம் கிடைத்தது. அதே விமானத்தை அதே உயரத்துக்கு ஓட்டிய நாசாவின் சிவிலியன் விமானிகள் மூவருக்குக் கிடைக்கவில்லை. அந்த மூவரில் ஒருவர் ஜோசப் வாக்கர். எட்டுப் பேரில் 100 கிலோமீட்டரையும் தாண்டியவர் அவர் ஒருவர்தான். அதுவும் 1963 ஜூலையிலும் ஆகஸ்டிலுமாக இரண்டு முறை. எந்தக் கோட்டை வைத்து அளந்தாலும் தேறுகிறவர் அவர். சின்னம் வழங்கப்பட்டது 2005இல். வாக்கர் 1966இலேயே நடுவானில் இரு விமானங்கள் மோதியதில் இறந்துபோயிருந்தார். யாருடைய சம்பளப் பட்டியலில் பெயர் இருக்கிறது என்பது, எவ்வளவு உயரம் போனார் என்பதை விடப் பெரிதாகிப் போன கதை இது.

2004 ஜூன் 21 அன்று ஸ்பேஸ்ஷிப்ஒன் விமானத்தை ஓட்டிய மைக் மெல்வில் தொட்ட உயரம் 100.124 கிலோமீட்டர். கோட்டுக்கு மேலே வெறும் 124 மீட்டர். நம் அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடத்தைப் போல மூன்றை அடுக்கினால் அதைத் தாண்டிவிடும். அதற்கு நேர்மாறானது அமெரிக்கரான நிக் ஹேக்கின் அனுபவம். 2018 அக்டோபர் 11 அன்று அவரும் ரஷ்யரான அலெக்சி ஓவ்சினினும் ஏறிய சோயுஸ் ராக்கெட் நடுவழியில் பழுதாகி, அவர்களுடைய கலம் தனியே கழன்று சுமார் 93 கிலோமீட்டர் வரை போய்க் கீழே விழுந்தது. ஹேக்குக்கு அது முதல் பயணம். அமெரிக்கக் கணக்கில் அவர் எல்லையைத் தாண்டிவிட்டார், எஃப்.ஏ.ஐ. கணக்கில் தாண்டவில்லை. அடுத்த மார்ச்சில் மறுபடி கிளம்பி நிலையத்துக்கே போய்ச் சேர்ந்ததால் பட்டியல்காரர்கள் பெருமூச்சு விட்டார்கள். 1975இல் இதேபோல் பாதியில் கைவிடப்பட்ட இன்னொரு சோயுஸ் 192 கிலோமீட்டர் உயரம் போயிருந்தது. அதில் இருந்த லாசரேவ், மகாரவ் இருவருக்கும் அது எந்தக் கணக்கிலும் விண்பயணம்தான். அடைய நினைத்த இடத்தை அடையாததும் பயணமாகும் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

கோடு ஒருபக்கம் இருக்கட்டும். விதியை எழுத்தெண்ணிப் படித்தால் யூரி ககாரினே ஆட்டம் கண்டிருப்பார். 1961இல் எஃப்.ஏ.ஐ.யின் விதிப்படி விமானி தன் கலத்துக்குள்ளேயே இருந்து தரையிறங்க வேண்டும். ககாரின் ஏறத்தாழ 7 கிலோமீட்டர் உயரத்தில் கலத்திலிருந்து வெளியே வீசப்பட்டு, பாராசூட்டில் தனியாக இறங்கினார். வாஸ்தோக் கலம் அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருந்தது. சோவியத் அரசு இதை மறைத்துச் சாதனையைப் பதிவு செய்தது. உண்மை வெளிவந்தபோது, மனிதனை ஏவி, பூமியைச் சுற்றவைத்து, உயிரோடு மீட்டதுதான் சாதனை, இறங்கிய விதம் அல்ல என்று கூட்டமைப்பு நிதானமாக விதியைத் திருத்திக்கொண்டது. நல்லதுதான். இல்லாவிட்டால் ‘விண்வெளிக்குச் சென்ற முதல் மனிதர்’ என்ற, உங்கள் எல்லாப் புத்தகங்களிலும் இருக்கும் வினாவின் விடையே ஆலன் ஷெப்பர்டு என்று மாறியிருக்கும். அவரோ அந்த மே மாதத்தில் 187 கிலோமீட்டர் உயரே போய்ப் பதினைந்து நிமிடத்தில் கடலில் இறங்கியவர். 1985இல் தொடங்கிய விண்வெளிப் பயணிகள் சங்கத்தின் விதிப்படி அந்தப் பயணத்தை மட்டும் வைத்து அவர் உறுப்பினர்கூட ஆக முடியாது. பூமியை ஒருமுறையாவது சுற்றியிருக்க வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை. பத்தாண்டு கழித்து நிலாவுக்கே போனதால் ஷெப்பர்டுக்குச் சிக்கல் தீர்ந்தது.

பிறகு வந்தது 2021. ஜூலை 11 அன்று தொழிலதிபர் ரிச்சர்டு பிரான்சனும், ஆந்திராவில் பிறந்த சிரிஷா பண்ட்லா உள்ளிட்ட அவருடைய குழுவும் அவருடைய நிறுவனத்தின் கலத்தில் சுமார் 86 கிலோமீட்டர் போய் வந்தார்கள். அதற்கு முன்பே போட்டி நிறுவனமான புளூ ஆரிஜின், எங்கள் வாகனம் கார்மன் கோட்டைத் தாண்டும், எங்கள் பயணிகளின் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி போட வேண்டியிராது என்று குத்திக் காட்டியிருந்தது. கோடீஸ்வரர்கள் இருவரின் சண்டையில் நம் பட்டியலின் அடிக்குறிப்பு உலகச் செய்தியானது! ஜூலை 20 அன்று புளூ ஆரிஜின் உரிமையாளர் ஜெஃப் பெசோஸ் 107 கிலோமீட்டர் உயரம் போனார். அதே நாளில் அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ. ஓர் ஆணை வெளியிட்டது: உயரம் மட்டும் போதாது, பயணக் குழுவினராக இருந்து, பறக்கும்போது பொதுமக்கள் பாதுகாப்புக்கோ விண்பயணப் பாதுகாப்புக்கோ ஏதாவது செய்திருக்க வேண்டும், அப்போதுதான் வணிக விண்வெளி வீரர் சின்னம். அந்த ஆண்டு முடிவதற்குள் சின்னத் திட்டத்தையே அவர்கள் கைவிட்டார்கள். இனி யாருக்கும் சின்னம் கிடையாது. தங்கள் அனுமதி பெற்ற பயணத்தில் 50 மைலைத் தாண்டியவர்களின் பெயரை மட்டும் பதிவோம் என்றார்கள்.

இந்த மடலை எழுத வைத்ததே அந்தக் கடைசி முடிவுதான். அரசு அலுவலகங்கள் எப்போதாவது எடுக்கும் விவேகமான முடிவுகளில் அதுவும் ஒன்று. ஒருவர் எங்கே போனார் என்பது பதிவு. அவரைப் பாராட்டலாமா என்பது வேறு விவகாரம். இரண்டையும் ஒரே பட்டியலில் திணிக்கும்போதுதான் எல்லாக் குழப்பமும் வருகிறது.

ஜப்பானைப் பாருங்கள். 1990 டிசம்பரில் டொயோஹிரோ அகியாமா என்ற தொலைக்காட்சிப் பத்திரிகையாளர் சோயுஸில் ஏறி மிர் நிலையத்துக்குப் போனார். செலவு அவருடைய தொலைக்காட்சி நிறுவனத்தினுடையது. முறைப்படி பயிற்சி பெற்றுக் காத்திருந்த மமோரு மோரி அமெரிக்க விண்வெளி ஓடமான ஷட்டிலில் பறந்தது 1992 செப்டம்பரில். முதல் ஜப்பானியர் யார்? அகியாமாதான்; சந்தேகமே இல்லை. ஆனாலும் மோரியை முதல்வராகக் காட்டும் பட்டியல்களை இன்றும் பார்க்கலாம். காசு கொடுத்துப் போனவரை முதல் வரியில் எழுதக் கை வருவதில்லை போலும். மலேசியாவின் ஷேக் முஸாபர் 2007இல் போனதும் இப்படித்தான். மலேசியா 18 சுகோய் போர் விமானங்களை வாங்கியதை ஒட்டி ரஷ்யா கொடுத்த இருக்கை அது. நாசா அவரை ‘விண்பயணப் பங்கேற்பாளர்’ என்று குறித்தது. அவருடைய நாட்டுக்கோ அவர் அங்காசாவான், தேசத்தின் முதல் விண்வெளி வீரர். இருக்கை எப்படிக் கிடைத்தது என்று பார்த்தால் பட்டியலில் பாதிப் பேர் தேறமாட்டார்கள். ராகேஷ் சர்மாவின் இருக்கையும் இரு அரசுகளின் நட்பில் கிடைத்ததுதான். மலேசியத் தேர்வின் இறுதி நால்வரில் வனஜா சிவா என்ற மலேசிய இந்தியப் பெண் பொறியாளரும் இருந்தார். பறந்திருந்தால் நம் புத்தகங்களில் அவருக்குத் தனிப் பக்கமே ஒதுக்கியிருப்பீர்கள்.

பறக்காதவர்கள் விஷயத்தில் என் தரப்பு உங்களில் சிலருக்குக் கடுமையாகத் தோன்றலாம். 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் ஷட்டில் கிளம்பி 73 விநாடியில் சுமார் 14 கிலோமீட்டர் உயரத்தில் சிதறியது. இறந்த எழுவரில் ஆசிரியை கிறிஸ்டா மெக்காலிஃப், கிரெகரி ஜார்விஸ், விமானி மைக்கேல் ஸ்மித் ஆகிய மூவருக்கு அதுவே முதல் பயணம். ‘விண்வெளிக்குச் சென்ற முதல் ஆசிரியை’ என்று மெக்காலிஃபைச் சொல்லும் குறிப்புகள் உண்டு. அவர் விண்வெளியை எட்டவில்லை. அவருக்கு மாற்றாகப் பயிற்சி பெற்ற பார்பரா மார்கன் 2007இல்தான் போனார். இரக்கத்தின் பேரில் மெக்காலிஃபை அந்தப் பட்டியலில் சேர்ப்பது அவருக்கே செய்யும் நியாயம் ஆகாது; அவருடைய பயணம் தடுக்கப்பட்டது என்பதல்லவா அந்த நாளின் செய்தி? நினைவுகூரத் தனிப் பட்டியல் வேண்டும். அதில் அவர் பெயர் முதலில் வரட்டும்.

அந்தத் தனிப் பட்டியலிலும் உயரத்தை அளந்தால் என்ன ஆகும் என்பதற்கு ராபர்ட் லாரன்ஸ் சாட்சி. வேதியியலில் முனைவர், அமெரிக்க விமானப்படையின் மேஜர். 1967 ஜூனில், விமானப்படை தனக்கென்று அமைக்கவிருந்த விண்வெளி ஆய்வகத்துக்குத் தேர்வானார். விண்வெளி வீரராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பினத்தவர் அவர்தான். அதே ஆண்டு டிசம்பர் 8 அன்று, இன்னொரு விமானிக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது விமானம் நொறுங்கி இறந்தார். கென்னடி விண்வெளி மையத்தில் 1991இல் திறந்த நினைவுக் கண்ணாடிச் சுவரில் அவர் பெயர் இல்லை. 50 மைல் உயரம் பறக்காதவர் விண்வெளி வீரர் ஆகமாட்டார் என்பது விமானப்படையின் விதி. ஆனால் அதே சுவரில், ஒருமுறைகூடப் பறக்காமல் பயிற்சியிலோ சோதனையிலோ இறந்த நாசாவினர் பெயர்கள் இருந்தன, ஏனென்றால் நாசாவில் தேர்வாகிவிட்டாலே அந்தப் பதவிப் பெயர் வந்துவிடும். ஒரே கல்லில் இரண்டு விதிகள். இரண்டுக்கும் நடுவில் விழுந்தவர் லாரன்ஸ். பலர் போராடிய பிறகு, அவர் இறந்து சரியாக 30 ஆண்டு கழித்து, 1997 டிசம்பர் 8 அன்று பெயர் ஏறியது.

தோட்டகூரா ஏறிய அதே கலத்தில், பக்கத்து இருக்கைகளில் ஒன்றில், எட் டுவைட் இருந்தார். 1960களின் தொடக்கத்தில் முதல் கறுப்பின விண்வெளி வீரராக வரக்கூடும் என்று பேசப்பட்டு, பயிற்சியும் பெற்று, நாசாவால் தேர்ந்தெடுக்கப்படாமல் போனவர். பிறகு சிற்பியானார். 90ஆம் வயதில், சில நிமிடப் பயணத்தில், பட்டியலுக்குள் வந்தார். வெறும் சுற்றுலா என்று அந்தக் கலத்தை ஒதுக்குபவர்கள் அந்த இருக்கையையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு தகவலும் உங்களுக்குப் பயன்படும். 100 கிலோமீட்டருக்கு மேலே உயிரிழந்தவர்கள் மூவர் மட்டுமே: 1971 ஜூனில் சோயுஸ்-11 திரும்பும்போது கலத்திலிருந்து காற்று வெளியேறி இறந்த தப்ரவோல்ஸ்கி, வோல்கவ், பட்சாயெவ். கல்பனா சாவ்லா இருந்த கொலம்பியா ஷட்டில் 2003இல் சிதறியது எல்லைக்குக் கீழே. ‘விண்வெளியில் இறந்த இந்திய வம்சாவளிப் பெண்’ என்று கல்பனா சாவ்லாவைக் குறிப்பிடும்போது இதைக் கொஞ்சம் கவனியுங்கள்.

கல்பனாவைப் பற்றிச் சொல்லும்போது நாடு என்ற கட்டமும் வந்துவிடுகிறது. 1997இல் முதன்முறை பறந்தபோது அவர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். ‘முதல் இந்தியப் பெண்’ என்று அச்சிட்டால் அன்பு தெரியும், தகவல் பிழையாகும். பிறந்த ஊர் கர்னால், குடியுரிமை அமெரிக்கா என்று இரண்டு கட்டம் போட்டால் தீர்ந்தது. செர்கேய் கிரிகல்யோவுக்கு அந்த இரண்டும்கூடப் போதாது. 1991 மே மாதம் சோவியத் குடிமகனாக மேலே போய், 1992 மார்ச்சில் சோவியத் ஒன்றியமே இல்லாத உலகத்தில் இறங்கியவர் அவர்.

ஆகவே நான் உங்களிடம் கேட்பது, அடுத்த பதிப்பில் அந்தப் பக்கத்தின் தலைப்பில் ஒரே ஒரு வரி: ‘இந்தப் பட்டியல் இந்த உயரத்தைத் தாண்டியவர்களை எண்ணுகிறது’ அல்லது ‘பூமியைச் சுற்றியவர்களை மட்டும் எண்ணுகிறது’. எதை எடுத்தாலும் சரி. பெயருக்கு எதிரே எட்டிய உயரம், சுற்றினாரா இல்லையா, ஏறிய கலம், அன்றைய குடியுரிமை, பிறந்த ஊர். வரிசை எண்ணைக் கேட்கும் வினாவாக இருந்தால் எந்தக் கணக்கு என்று வினாவிலேயே சொல்லிவிடுங்கள். ‘பூமியைச் சுற்றிவந்த இரண்டாவது இந்தியர்’ என்று கேட்க இரண்டு சொல்லை மாற்றினால் போதும். மனுவோடு யாரும் வரமாட்டார்கள்.

போகாதவர்களுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். 1984இல் சர்மாவுக்கு மாற்றாக முழுப் பயிற்சியும் முடித்த ரவீஷ் மல்ஹோத்ரா, ஷட்டிலில் போகத் தேர்வாகி, சேலஞ்சர் விபத்தால் வாய்ப்பை இழந்த இஸ்ரோவின் என்.சி. பட், பி. ராதாகிருஷ்ணன் இவர்களைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு எந்தப் புத்தகமும் சொல்வதில்லை.

இதை இப்போதே செய்ய ஒரு காரணம் இருக்கிறது. 2024 பிப்ரவரி 27 அன்று திருவனந்தபுரத்தில் ககன்யான் திட்டத்துக்கான நால்வரையும் பிரதமர் அறிமுகப்படுத்தி, இறக்கைச் சின்னம் அணிவித்தார். பறக்கும் முன்பே சின்னம் வந்துவிட்டது. அவர்களில் சுக்லா மட்டும் வேறு வாகனத்தில் போய்த் திரும்பிவிட்டார். மீதி மூவரில் ஒருவரான அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். அவர் மேலே போகும் நாளில் ‘விண்வெளிக்குச் சென்ற முதல் தமிழர்’ என்ற வினா மாலைக்குள் அச்சேறிவிடும் என்று எனக்குப் பயம். பிறந்த ஊர் என்ற கட்டம் மட்டும் உங்கள் பட்டியலில் இருந்தால், அதில் ‘சென்னை’ என்று எழுதிவிட்டு, மொழியையும் இனத்தையும் அவரிடமே கேட்டு எழுதலாம்.

அன்புடன்,
உங்கள் புத்தகங்களின் நெடுநாள் வாசகன்